தாளின் இடது பாதி

எஸ்தர் டீச்சர் அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தார். விரல் இடுக்கில் வண்ணச் சாக்பீஸ் தூள். ஒரு கண்ணைச் சுருக்கி, கழுத்தைச் சாய்த்து, ஜவுளிக்கடையில் துணியின் நெசவைப் பார்ப்பவர் போலப் பார்த்தார். கட்டிலில் என் வீட்டுக்காரர். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடுக்கில் முக்காலி போட்டு நான்.

"டீச்சர், தலைகீழாப் புடிச்சிருக்கீங்க" என்றேன்.

"தெரியும்க்கா. நேரா வெச்சா உங்க நாத்தனார் சொன்ன பாம்பு வந்து கண்ணுல நிக்குது. திருப்பிட்டா பாம்பு போயிரும். கோடு மட்டும் நிக்கும்."

வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த நாத்தனார் ராமாத்தாள் நிமிரவே இல்லை. "சாமி சமாச்சாரத்துல தலைகீழ் என்ன, குறுக்கால என்ன? படிச்சவீங்க வெளையாட்டெல்லாம் வேற ஊட்டுல வெச்சுக்குங்க."

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்து நாலு நாளாகிவிட்டது. பேனாவை எடுப்பேன், பால் பொங்கிவிடும் என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் அழகு வராவிட்டாலும் நடந்தது நடந்தபடி வந்துவிட வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நூலில் கட்டிய பேனா

பஞ்சாலை வேலையை விட்டு வந்த பிறகு அவர் சிங்காநல்லூரில், பஸ்கள் திரும்பும் முக்குக்குப் பக்கத்தில், எஸ்.டி.டி. பூத் வைத்தார். தொண்ணூறுகளில் அதுதான் மரியாதையான தொழில். மஞ்சள் போர்டு, கண்ணாடி அறை, உள்ளே ஒரு குட்டி மின்விசிறி, சிவப்பு எழுத்து ஓடும் மீட்டர்.

கண்ணாடி அறைக்குள் போனுக்குப் பக்கத்தில், அச்சகத்தில் வீணாகும் தாள்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பார். நம்பர் எழுதிக்கொள்ளத்தான். யாரும் பேனாவை எடுத்துப் போய்விடாதபடி சாக்குத் தைக்கும் கோணூசி நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

ஜனங்கள் அதில் நம்பர் எழுதியதைவிடக் கிறுக்கியதுதான் அதிகம். லைன் கிடைக்கும்வரை ஒரு பெட்டி. பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. மறுமுனையில் ஆளைக் கூப்பிடப் போயிருப்பார்கள்; இங்கே ஒரு இலை, அதன் நரம்பு, நரம்புக்கு நரம்பு. பேசி முடித்து வெளியே வந்தால், என்ன வரைந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

மதியம் கூட்டமில்லாத நேரத்தில் நான் சாப்பாட்டுத் தூக்கோடு போவேன். அவர் அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

"பாரு அம்மணி. வாயி ஒருத்தர்கிட்டப் பேசுது. கை வேற யாருகிட்டயோ பேசீட்டிருக்குது."

"யாருகிட்டங்க?"

"தெரிஞ்சா நான் ஏன் பூத்துல ஒக்காந்திருக்கேன்? மடம் கட்டீருக்க மாட்டேன்?"

அவரும் கிறுக்குவார். சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள், பஞ்சாலையில் நூற்கண்டு அடுக்கியது போல. தாளின் நாலு மூலையும் நிரம்பினால்தான் விடுவார்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரும் பார்வை

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்தான் எஸ்தர் டீச்சர். பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. தஞ்சாவூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, எங்கள் வீட்டுப் பொங்கலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "உப்பு கம்மிக்கா" என்று சொல்லும் ரகம்.

அந்தக் கிறுக்கல் தாள்களை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருநாள் கேட்டார்.

"குப்பைங்க டீச்சர். அடுப்புப் பத்த வெக்கத்தான் ஆகும்."

"நீங்க தெனம் வாசல்ல கோலம் போடறீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"லட்சுமி வருவாங்க."

"அது பலன். நான் அர்த்தம் கேட்டேன்."

யோசித்துச் சொன்னேன்: "அர்த்தமெல்லாம் இல்லீங்க. கோடு புள்ளியத் தொட்டுப்போடக் கூடாது. ஆரம்பிச்ச எடத்துல வந்து முடியோணும். எல்லாப் பக்கமும் ஒரே கனமா இருக்கோணும்."

டீச்சர் கையைத் தட்டினார். ஓவியம் படித்தவர்களில் ஒரு சாரார் எல்லாப் படத்தையும் இப்படித்தான் பார்க்கச் சொல்கிறார்களாம். கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே மெலிகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது, காலியிடம் எங்கே கிடக்கிறது. பார்க்க வேண்டியது அவ்வளவுதானாம். "வரைஞ்சவன் மனசுல என்ன இருந்துச்சு, படம் என்ன சேதி சொல்லுது, இது ரெண்டையும் செருப்பு மாதிரி வாசல்லயே கழட்டி வெச்சுட்டு உள்ள வரணும்க்கா. கிறுக்கல்ல அது ஈசி. ஏன்னா அதுல சேதியே கிடையாது. வடிவம் மட்டுந்தான்."

"அப்போ முருகன் படத்துல வேலை வேலுன்னு பாக்காம, கோடுன்னு பாக்கறதா? பாவமில்லீங்களா டீச்சர்?"

"உங்க முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. உங்க நாத்தனார்தான் கோவிச்சுக்குவாங்க."

அன்றைக்குச் சிரித்தேன். அந்தப் பேச்சு ஒருநாள் என் வீட்டுக் கட்டிலுக்கே வந்து சேரும் என்று தெரியாது.

மூன்று போன்

சத்தியமங்கலத்தில் என் அண்ணன் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தார். "ரண்டு நாள் பூத்தச் சாத்திப்போட்டு வாங்க" என்றேன். பண்டிகைக் காலம், ஜனங்கள் போனுக்கு அலைவார்கள் என்றார். பேச்சு தடித்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை என்பதால் என் பிறந்த வீட்டில் அவர் கூசிப்போவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை.

"நீங்களா வந்து கூப்புட்டாத்தான் இந்த ஊட்டுப் படியேறுவேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறினேன்.

விழா முடிந்தது. நான் திரும்பவில்லை.

அண்ணன் வீட்டில் போன் இல்லை. பக்கத்து அரிசி மில்லில் உண்டு. அவர் அங்கே மூன்று தடவை கூப்பிட்டார். மில்லிலிருந்து ஆள் ஓடி வரும்: "அக்கா, கோயமுத்தூர்லருந்து மாமன் லைன்ல இருக்காருங்க."

மூன்று தடவையும் "வேலையா இருக்கறேன்னு சொல்லிப்போடு" என்றேன். மூன்றாவது தடவை வெங்காயம்கூட உரித்துக்கொண்டிருக்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் கிளம்பிப் போன எட்டாம் நாள் காலையில் பூத் ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்து டீக்கடைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே அரிசி மில் போனில்தான் எனக்குச் சேதி வந்தது. அந்தத் தடவை ஓடினேன்.

யாருடைய பக்கம்

இடது கையும் இடது காலும் போய்விட்டன. வாய் கோணி, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் கண் மூடியபடியே கிடந்தார். டாக்டர் என்னென்னவோ சொன்னார். எங்கள் காதில் விழுந்தது "உயிருக்குப் பயமில்லை" என்பது மட்டும்தான்.

வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, நாத்தனார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரருக்கு அக்கா; சின்ன வயதில் தாலியறுத்து, தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

"ஏம்புள்ள சரசு, திருச்செங்கோட்டு மலை மேல சாமி எப்படி நிக்குதுன்னு தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? வலப்பாதி ஈசன், இடப்பாதி அம்மன். கல்யாணமான வருஷம் நாங்கள் இரண்டு பேரும் படியேறிப் போய்க் கும்பிட்டோம்.

"அப்போ எந்தம்பிக்கு இடப்பக்கம் யாருது? பொண்டாட்டிது. நீ போனே. அதுவும் போயிருச்சு."

இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை நின்றுவிட்டது. அவர் கோபத்தில் சொன்னார் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அது எனக்கு அம்மன் வாக்காகவே விழுந்தது.

அம்மன் முன்னால் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு நேர்ந்தேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அவர் பக்கத்தில் இருக்கும்போது இடப்பக்கத்தை விட்டு நகர மாட்டேன். ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரைப் படுக்கை. போன பக்கத்தை நானே காத்துத் திரும்பக் கொண்டு வருவேன்.

அதனால்தான் அந்த இடுக்கு. அவருடைய வலப்பக்கம் தெருவாசல்; வந்து பார்க்கிற உறவுக்காரர்கள், உறம்பரைகள் எல்லாம் அந்தப் பக்கம் நிற்பார்கள். இடப்பக்கம் சுவரோடு நான். தலைமாட்டுக்குப் பின்னால் அடுப்படிக் கதவு. எழுந்தால் அதுவழியாகப் போய் அதுவழியாகவே வருவேன். இடது கைக்கு எண்ணெய் தேய்ப்பேன், காலை மடக்கி நீட்டுவேன். முகத்துக்கு நேரே போய் நிற்கத் தைரியமில்லை. எந்த முகத்தோடு நிற்பது?

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நாத்தனார் வலப்பக்கம் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தால் குடித்தார். நான் இந்தப் பக்கமிருந்து கரண்டியை நீட்டினால் வாயே திறக்க மாட்டார். தட்டில் இட்லி வைத்தால் வலது பாதியைத் தின்றுவிட்டு, நான் இருக்கும் பாதியை அப்படியே விட்டுவிடுவார். நான் தொட்ட பக்கத்தைத் தொட மாட்டேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதையெல்லாம்கூடத் தாங்கினேன். தினம் காலையில், குழறிய வாயால், நாத்தனாரிடம் ஒன்று கேட்பார்.

"அவ… இன்னும் வல்லியா?"

நான் அவர் இடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"இங்கதானுங்க இருக்கறேன்" என்பேன்.

என் குரல் கேட்டால் அவர் தலை திரும்பும். என் பக்கமல்ல. தெருவாசல் பக்கம். கொஞ்ச நேரம் வாசலையே பார்ப்பார். அப்புறம் கண்ணை மூடிக்கொள்வார்.

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். "குத்திக் காட்டறான் சரசு. வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு காலையும்.

பாம்பும் கிணறும்

சும்மா கிடக்கிறாரே என்று டீச்சர்தான் பூத்திலிருந்து தாள் கட்டைக் கொண்டுவந்து, பரீட்சை அட்டையில் சொருகி, வலது கையில் பேனாவைக் கொடுத்தார். அந்தக் கை உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. சுழி, சுழிமேல் சுழி, நெளிகோடு, கீறல்.

நாத்தனார் அந்தத் தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாயால் சொல்ல முடியாததைத் தம்பி கையால் சொல்கிறான் என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான் பட்டது. பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். உயிருக்கு உயிரானவர் பேசாமல் கிடந்தால், சுவரில் பல்லி கத்தினால்கூட அர்த்தம் தேடுவோம்.

நெளிகோடு பாம்பு என்றார் நாத்தனார். சுழி கிணறு. தோட்டத்துக் கிணற்றில் அப்பன் காலத்தில் ஒரு நல்லபாம்பை அடித்தார்களாம். அந்தத் தோஷம்.

அம்மன் கோவிலில் பூ வைத்துக் கேட்டோம். வெள்ளரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம். கண் கட்டிய குழந்தை எடுத்தது வெள்ளை. சரி என்று வாக்கு. பவானி கூடுதுறைக்கு டாக்சியில் தூக்கிக்கொண்டு போய், நாலு பேர் பிடித்துக்கொள்ள ஆற்றில் முழுக்காட்டி, பரிகாரம் செய்தோம். காய்ச்சலோடு திரும்பினார். மூன்று நாள் நெஞ்சில் சளி கட்டிக் கிடந்தார்.

நான் அந்தத் தாள்களில் வேறொன்றைத் தேடினேன். யாருக்கும் தெரியாமல், ஒவ்வொரு தாளிலும் என்னைத் தேடினேன். ஒரு சேலை முந்தானை, ஒரு மூக்குத்தி, எதுவாவது. கோபமாகவாவது என்னைப் போட்டிருக்கிறாரா என்று. எங்கேயும் நான் இல்லை.

டீச்சர் சாயங்காலம் வந்து தாள்களைப் பார்ப்பார். அவர் கட்சி வேறு. "பாருங்கக்கா, எல்லாத்தையும் வலது பக்கமாக் குவிச்சுட்டு, இடது பக்கத்தை அப்படியே காலியா விட்டிருக்காரு. எத்தனை துணிச்சல்! எங்க காலேஜ்ல யாருக்கும் இந்தத் தைரியம் வராது."

காலியிடம் அழகு என்று டீச்சர் சொல்லச் சொல்ல நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்குத் தெரியாதா அது எந்தப் பக்கம் என்று?

புதுத் தாள்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். டீச்சர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பார்த்து முடித்ததும், திருப்ப மறந்து, அப்படியே அட்டையில் சொருகி என் வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டார்.

தாள் தலைகீழாகிவிட்டதால் அவர் போட்ட சுழிகளெல்லாம் இடது பக்கம் வந்துவிட்டன. வலது பக்கம் வெறுமை.

அவர் தாளைப் பார்த்தார். முகம் லேசாக மலர்ந்தது.

"புதுத்… தாளா?"

"என்ன அண்ணே?" என்றார் டீச்சர்.

"புதுசு. நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டு, வலது பக்கக் காலியிடத்தில் முதல் சுழியைப் போட்டார். அரைத் தாள் நிறைய அவரே போட்ட கோடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர் கண் அங்கே போகவே இல்லை.

டீச்சர் கையிலிருந்த மற்றத் தாள்கள் நழுவின.

"அக்கா, இவரு விழறதுக்கு முன்னாடி போட்ட தாள் ஏதாவது இருக்கா?"

இருந்தது. பூத்தைக் காலி செய்தபோது கிடைத்தது. சத்தியமங்கலத்துக்கு போன் போட்டுவிட்டு, லைனில் எனக்காகக் காத்திருந்தபோது கிறுக்கியது. அரிசி மில் நம்பரும் அதிலேயே இருந்தது. அதை என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். அடுப்படி வழியாகப் போய் எடுத்து வந்தேன்.

டீச்சர் அதையும், கீழே விழுந்த தாள்களில் ஒன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். முன்னது நாலு மூலையும் நிறைந்திருந்தது. அவசரமில்லாத, ஒரே கனமான குறுக்குக் கோடுகள். ஆள் வரட்டும் என்று நிதானமாகக் காத்திருந்த கை. பின்னது பாதித்தாள். கோடுகள் நடுவரைக்கும் வந்து, அங்கே வரப்பு வெட்டியது போல நின்றிருந்தன.

பாம்பு, கிணறு எல்லாம் போய்விட்டன. எனக்கே கோடும் இடமும் மட்டும் தெரிந்தன.

டீச்சர் தண்ணீர் டம்ளரை எடுத்து அவருக்கு வலது பக்கம் பலகையில் வைத்தார். கை நீட்டி எடுத்துக் குடித்தார். அதையே இடது பக்கம் வைத்தார். "தண்ணி குடிங்கண்ணே." அவர் வலது பக்கமே துழாவினார். "எங்க வெச்சீங்க?"

"அக்கா" என்றார் டீச்சர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவரு காலியா விடல. அவருக்கு அந்தப் பக்கமே இல்ல. நான் ஒரு மாசமா அழகுன்னு சொல்லிக்கிட்டிருந்தேனே, பாவி. நீங்க எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க."

"முடியாதுங்க டீச்சர். நேர்த்தி."

"வாங்கன்னு சொல்றேன்ல!"

வரவில்லை. முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு முப்பத்தெட்டாம் நாள்.

கேட்காமல் விட்ட வாக்கு

மறுநாள் காலையில் டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டு டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தார். டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். எங்களை அடுப்படிக்குக் கூப்பிட்டு, இரண்டு தாளையும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. மூளையில அடிபட்ட எடம் அப்படி. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தோணாது. அந்தப் பக்கம் நின்னு பேசினா, சத்தம் வலது பக்கமிருந்து வர்ற மாதிரி அங்க பாப்பாரு. யாரு இடது பக்கமே உக்காந்திருக்கறது?"

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் போனதும் நாத்தனார் என்னிடம் வந்தார். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. "ஒம்போது நாளுதான சரசு? மண்டலத்த முடிச்சுப்போடு. அம்மனுக்குச் சொன்னதப் பாதியில உட்டு, எந்தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாரக் கேக்கறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான். நேர்த்தியை முறித்தால் மிச்சமிருக்கும் பாதியும் போய்விடுமோ?

கோவிலுக்குப் போய்ப் பூ வைத்துக் கேட்டுவிடலாம் என்று அரளி பறிக்கப் பின்கட்டுக்குப் போனேன். செடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்துவிட்டால்? வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டால், இன்னும் ஒன்பது காலை அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

என் வாழ்நாளில் சாமியிடம் கேட்காமல் நான் செய்த காரியம் அது ஒன்றுதான். பூவைப் பறிக்காமல் கையைக் கழுவிக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் நாலே மாதம்தான் இருந்தார். அந்த ஒன்பது நாள்தான் காரணமோ என்று இன்றைக்கும் விளக்கேற்றும்போது தோன்றும். அம்மன் பதில் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

பின்கட்டிலிருந்து அடுப்படிக்குள் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, சந்து வழியாகத் தெருவுக்கு வந்து, தெருவாசலில் ஏறினேன். தலைகூட வாரியிருக்கவில்லை. உள்ளே அவர் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். நாத்தனார் கட்டிலோரம் நின்றிருந்தார்.

நான் நிலைப்படியைத் தாண்டியதும் அவர் கண் என்மேல் விழுந்தது. விழுந்து நின்றது. முப்பத்தொன்பது நாளில் முதல் தடவை.

வலது கை தானாக உயர்ந்தது.

"வந்துட்டியா… அம்மணி?"

"வந்துட்டேனுங்க."

"எப்ப வந்தே?"

எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எண்ணெய், கஞ்சி, ஒருவேளைச் சோறு, அந்த ஒரு முழ இடுக்கு. சொல்லிவிடலாம். சொன்னால், பக்கத்திலேயே இருந்தவளைத் தெரியாமல் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தன்னில் பாதியே இல்லை என்பதும் தெரிந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் ஒரு துளி இல்லை. நான் வந்ததே போதும் என்று இருந்தது அது.

"இப்பத்தானுங்க" என்றேன்.

"சரி… சரி. அண்ணன் ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியங்க."

அவர் கண்ணை என்மேலிருந்து எடுக்காமலே சொன்னார்: "அக்கா, இவளுக்கு… ஒரு காப்பி வெச்சுக் குடு. பஸ்ஸுல வந்திருக்கறா."

நாத்தனார் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தமும், அதற்கு நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டன.

காப்பி வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஊருக்குப் போய்த் திரும்பியவளைப் போல அதை ஊதி ஊதிக் குடித்தேன்.